ஸ்டூடியோவுக்குப் படியேறிய தையல் மெசின்

எண்பதாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்கள் இருக்கும். கல்முனைப் பக்கத்தில் சிறுபோக வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். நான் கல்முனைக்குடியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கொஞ்சம்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது. அந்த நம்பிக்கைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்களிடம் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. கோஷ்டி என்றால் நான்கே பேர். றபான் என்கிற தோல் மேளத்தை அடிப்பவர் கல்முனைக்குடியில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவர். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஓர் உடம்பு. ஆனால் சிரிக்காமல் ஒரு வசனம் பேசமாட்டார். ஆர்மோனியம் வாசிப்பவர் தம்பிலுவில்லைச் சேர்ந்த தமிழ் நண்பர், கல்முனைத் தபால் கந்தோரில் வேலை பார்த்தார். பாட்டு எழுதுவது நான். எழுதுவதோடு நிற்காமல், எந்த ஊருக்குப் போவது, என்ன உடுப்பது, எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வதும் நான்தான். யாரும் என்னை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. வாத்தியார் புத்தி, எங்கே போனாலும் கூடவே வந்துவிடும்.

நான்காவது ஆள்தான் பாடகர். மருதமுனையில் கைத்தறி நெசவு செய்கிறவர். பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர், பாட்டும் அங்கேயே பழகியதுதான். வேலையை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்தால் அன்றைய நெசவு போய்விடும் என்பதால் பின்னேரங்களில் நாங்கள்தான் அவர் வீட்டு முற்றத்துத் தறிக் கொட்டிலுக்குப் போவோம். அவர் மிதியை மிதித்து, நூல் சுமக்கும் நாடாவை ஓடவிட்டு, நெய்துகொண்டே பாடுவார். நாங்கள் பாயைப் போட்டு உட்கார்ந்து வாசிப்போம். கல்யாண வீடுகளிலும் மீலாத் விழாக்களிலும் எங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் முழுவதும் அவருடைய குரலுக்குக் கிடைத்தது. என்னுடைய பாட்டு வரிகளுக்குக் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது வேறு விஷயம்.

அந்தப் பெருநாளோடு அவருக்கு சவூதி விசா வந்துவிட்டது. பயணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவர் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது வாப்பா ஊரில் இருக்கமாட்டார், இரண்டு வருஷம் கழித்துத்தான் வரலாம். ஒரு நாள் தறியில் இருந்தபடியே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“மாஸ்டர், நான் போறத்துக்கு முந்தி நம்மட பாட்டெல்லாத்தையும் ஒழுங்கா ஒரு கசட்டுல பதிஞ்சி வெக்கணும். அஞ்சி பாட்டு ஒங்கட. கடைசில ஒரு தாலாட்டு, அது மட்டும் என்ட. புள்ள என்ட மொகத்தக் காணாட்டியும் கொரலயாவது கேக்கட்டும்.”

சொல்லிவிட்டு அந்தத் தாலாட்டைப் பாடிக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் அதை முதல் தடவையாகக் கேட்டோம். ‘ஊடை நூலு ஓடி வரும், உம்மா மடி தேடி வரும்’ என்று தொடங்கும்; தறியில் குறுக்கே ஓடுகிற நூல்தான் ஊடை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் கட்டிய அந்த இரண்டு வரி, நான் எழுதிய அத்தனை பாட்டையும்விட நன்றாக இருந்தது. அதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. பொறாமைதான், வேறென்ன!

ஸ்டூடியோ தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். வெளிச்சத்தம் உள்ளே வருமா, எத்தனை மைக், நடுவில் கண்ணாடி இருக்கிறதா, ஏசி உண்டா, மணிக்கு எவ்வளவு என்று தலைப்புகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை புள்ளி என்று போட ஒரு கட்டமும் கீறினேன். சோதனைத் தாள் திருத்துகிறவனுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்?

முதலில் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ரெக்கோடிங் பாருக்குப் போனேன். ஊரில் எல்லாரும் வெற்றுக் கசட்டைக் கொண்டுபோய்ப் பாட்டுப் பதிந்து வாங்கும் கடை அது. பின்னால் ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு முட்டை அடுக்கும் அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், மிகக் குறைந்த கூலிக்குப் பதிந்து தருவதாகச் சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் ஹோர்ன், இன்னொரு பஸ் ஹோர்ன், அக்கரைப்பற்றுக்கு ஆள் கூப்பிடும் கொண்டக்டர், கீழே ஐஸ் கட்டி உடைக்கிற சத்தம். அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் கத்தித்தான் பேசிக்கொண்டோம்.

“சத்தமில்லாத நேரம் ஒண்டு இரிக்கி சேர்” என்றார் அவர். “வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம். கடையெல்லாம் பூட்டு, பஸ்ஸும் ஓடாது. ஊசி விழுந்தாலும் கேக்கும்.”

நானும் சந்தோஷமாக வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை என்று கொப்பியில் எழுதினேன். அவரும் தலையாட்டினார். படியில் பாதி இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜும்ஆ நேரத்தில் ஊரே பள்ளிவாசலில் இருக்கும் என்பதால்தானே அந்த அமைதி! அப்போது நாங்கள் எங்கே இருப்போம்? கடைக்காரர்தான் எங்கே இருப்பார்? இதைக் கோஷ்டியிடம் சொன்னதும், ஜும்ஆவுக்குப் போகத் தேவையில்லாத எங்கள் ஆர்மோனியக்காரர், “பரவாயில்லை, நான் மட்டும் போய் வாசிச்சிட்டு வாறன்” என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னைக் கண்ட இடமெல்லாம், “மாஸ்டர், வெள்ளிக்கிழமை ரெக்கோடிங் இருக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அடுத்து மட்டக்களப்பு. அங்கே ஒருவர் தன் வீட்டு அறையையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார். நாடகக்காரர்கள் அவரிடம் போவார்களாம். சுவர் நான்கிலும் தேங்காய்த் தும்பு மெத்தையைத் தூக்கி நிறுத்திக் கட்டியிருந்தார். மைக் இரண்டு, கண்ணாடி இல்லை, ஏசி இல்லை, ஒரு மேசை விசிறி, அதையும் பதியும்போது நிறுத்திவிட வேண்டும். என் கொப்பியில் மளமளவென்று புள்ளி குறைந்துகொண்டே போனது. கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பாடுறவர் எங்க? ஒருக்கா கூட்டிட்டு வாங்க. இங்க இருந்து ஒரு பாட்டுப் பாடிப் பார்க்கட்டும். பிறகு காசு கதைப்பம்.”

எனக்குச் சுருக்கென்றது. பாட்டு எழுதியவன், கோஷ்டியை நடத்துகிறவன், இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தவன் நான் முன்னால் நிற்கிறேன், இவர் பாடுகிறவனைக் கேட்கிறாரே! தொழில் தெரியாத மனிதர் என்று முடிவு கட்டினேன். தேத்தண்ணி தந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது கொழும்பு. அங்கே கடை வைத்திருந்த என் சொந்தக்காரர் விசாரித்து எழுதியிருந்தார். மாடியில் இரண்டு அறை, நடுவில் கண்ணாடி, ஏசி, ஆறு மைக், பெரிய சுருளில் பதிந்து பிறகு கசட்டில் ஏற்றித் தருவார்களாம். புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. விலைதான் கண்ணைக் கட்டியது. றபான்காரர் ஒரு கிழமைப் பிடிபாட்டைத் தந்தார், என் மச்சான் இரண்டு மூடை நெல்லை விற்றுத் தந்தார், நானும் ஆர்மோனியக்காரரும் சம்பளத்தில் வெட்டினோம். எல்லாம் சேர்ந்து மூன்று மணித்தியாலத்துக்குத்தான் வந்தது. ஆறு பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் தாராளம் என்று கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோலக் கையை வீசிச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. பாடகரை யாரும் கேட்கவுமில்லை. அவர் இடம் வலம் பார்க்காமல், “நீங்க சொன்னாச் சரி” என்றார்.

மட்டக்களப்பில் பகல் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய் இறங்கினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் நேரம். கொழும்பு ஸ்டூடியோவுக்குச் செருப்போடு போவதா என்று என்னுடைய புதுச் சப்பாத்தைப் பாடகருக்கு மாட்டிவிட்டேன். அவருக்கு அது ஒரு அளவு பெரிது. காலில் இரண்டு தோணியைக் கட்டிக்கொண்டு நடப்பதாக றபான்காரர் வழி முழுக்கப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தார்.

அந்த ஸ்டூடியோவைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் தெரிந்தெடுத்த இடம் அல்லவா! பலகைத் தரை பளபளத்தது. சுவரெல்லாம் துணி. கதவை மூடினால் உலகமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைச் சிலுவைக் குறியைக் காட்டி, பாடுகிறவர் அதில் நிற்க வேண்டும் என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. றபான் தொடங்கியது, ஆர்மோனியம் சேர்ந்தது, எங்கள் ஆள் வாயைத் திறந்தார்.

இரண்டு வரி போவதற்குள் விளக்கு அணைந்தது. “கால் சத்தம் கேட்குது” என்று சுவரில் இருந்த ஒலிப் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. பாடும்போது அவர் குதியையும் விரலையும் மாற்றி மாற்றி ஊன்றுவார் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். கீழே வெறும் பலகை, சப்பாத்து டொக் டொக் என்றது. சப்பாத்தைக் கழற்றினோம். வெறுங்காலுக்கும் பலகை தம் தம் என்றது. “தயவுசெய்து காலை அசைக்காமல் பாடுங்கள்” என்றார் ஒலிப்பதிவாளர், மரியாதையாகத்தான்.

காலை அசைக்காமல் நின்றார். அவ்வளவுதான், பாட்டும் நின்றுவிட்டது. தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மூச்சு பாதியில் முட்டியது. எத்தனையோ கல்யாண வீட்டில் பாடிய சொந்தப் பாட்டின் வரி மறந்தது. கதிரையில் உட்கார்த்திப் பார்த்தோம், இன்னும் மோசம். தேத்தண்ணி கொடுத்தோம், முதுகைத் தடவினோம். நான் முன்னால் நின்று கையால் தாளம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பயம் இருந்தது. ஏசிக் குளிரிலும் அவருடைய சட்டை முதுகு நனைந்துவிட்டது. சுவர் மணிக்கூட்டில் பதினொன்றேகால். ஒரு பாட்டுக்கூட முடியவில்லை.

“எனக்கு ஏலா மாஸ்டர்” என்றார் மெல்ல. “ஒங்கட காசெல்லாம் தண்ணில போகுது. புள்ளைக்கிக் குடுத்து வெக்கல்ல.”

அதைக் கேட்டுப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது கோபம். இத்தனை நல்ல இடத்தைப் பிடித்துத் தந்தும் பாட முடியாது என்றால் என்ன செய்வது என்று சத்தம் போட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆள் வரவில்லை. சப்பாத்து மட்டும் மூலையில் கிடந்தது.

நான் படியில் ஓடினேன். கோபம் போய், இந்த மனிதர் தெரியாத ஊரில் வெறுங்காலோடு எங்கே போனாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கீழே இறங்கி ரோட்டுக்குப் பாயப் போனவன் அப்படியே நின்றேன். அவருடைய குரல் கேட்டது. பாடிக்கொண்டிருந்தார். அதுவும் எப்படி! மருதமுனைத் தறிக் கொட்டிலில் பாடுகிற அதே குரல், ஒரு நூல் பிசகாமல்.

படிக்குக் கீழேயே ஒரு தையல் கடை. இரண்டு மெசின். ஒன்றில் நரைத்த மீசையோடு ஒரு சிங்களத் தையல்காரர் கோட்டுக் கை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆளில்லாமல் கிடந்த மற்ற மெசினில் எங்கள் பாடகர் உட்கார்ந்து, வெறுங்காலால் மிதியை மிதித்தபடி, கண்ணை மூடித் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தையல்காரருக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் அவருடைய காலும் இவருடைய காலும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் பாடகர் கள்ளம் பிடிபட்டவர்போல நிறுத்தினார்.

“கால் சும்மா நிண்டா பாட்டு வருகுதில்ல மாஸ்டர்” என்றார். “எனக்கே இப்பதான் வெளங்கிச்சி.”

எனக்கு அந்த இடத்திலேயே மட்டக்களப்புக்காரர் நினைவுக்கு வந்தார். பாடுறவர் எங்க, ஒருக்கா கூட்டிட்டு வாங்க. தும்பு மெத்தை கட்டிய அந்த மனிதர் ஒரே கேள்வியில் பிடித்திருக்கக்கூடியதை, நான் ஒரு கொப்பி முழுக்கக் கோடு போட்டும் பிடிக்கவில்லை. மைக்கை எண்ணினேன், கண்ணாடியை எண்ணினேன், இத்தனை வருஷமாக என் கண்ணுக்கு முன்னால் ஆடிய இரண்டு கால்களைப் பார்க்கவில்லை.

இதற்குள் றபான்காரரும் இறங்கி வந்துவிட்டார். மீன் லொறிக்காரர்களோடு பழகியதில் அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். விஷயத்தைத் தையல்காரரிடம் சொன்னார், சவூதிப் பயணம், பிறக்கப்போகிற பிள்ளை, மேலே ஓடிக்கொண்டிருக்கிற மணிக்கூடு எல்லாவற்றையும். தையல்காரர் கேட்டுக்கொண்டே கோட்டுக் கையைக் கீழே வைத்தார். எழுந்து, அந்த மெசினின் தோல் பட்டியைக் கழற்றினார். இப்போது மிதித்தால் கீழ்ச்சில்லு மட்டும் சுற்றியது, மேலே ஊசி ஓடவில்லை. மிதியின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டார். பிறகு றபான்காரரைப் பார்த்து, ஒரு பக்கத்தை நீ பிடி என்பதுபோலத் தலையாட்டினார். கூலி என்று நான் பையில் கை வைத்ததும் ஒரு பார்வை பார்த்தார், நான் கையை எடுத்துவிட்டேன்.

அந்த இரும்புக் காலுள்ள மெசின் படியேறிய காட்சியை என்னவென்று சொல்வது! மேலே றபான்காரர், கீழே தையல்காரர், நடுவில் “பாத்து, பாத்து” என்று ஒன்றும் தூக்காமல் கத்திக்கொண்டு நான். கதவைத் திறந்த ஒலிப்பதிவாளர் எங்களையும் மெசினையும் மாறி மாறிப் பார்த்தார். இது ஸ்டூடியோவா, தையல் கடையா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மிதியை இரண்டு தரம் கையால் ஆட்டிக் காதைக் கொடுத்துப் பார்த்தார். “காலுக்குக் கீழே துணி வையுங்கள்” என்றார். தையல்காரர் ஓடிப்போய் வெட்டுத்துணி மூட்டையைக் கொண்டுவந்து நான்கு இரும்புக் காலுக்கும் அணை கொடுத்தார். மைக்கை இறக்கிப் பாடகரின் வாய்க்கு நேரே வைத்தார்கள். மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கால் மிதியில் ஏறியது. குரல் வந்தது பாருங்கள்! எனக்கு மயிர் கூச்செறிந்தது. முதல் பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஒரே தடவைதான். றபான்காரர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தார். ஆர்மோனியக்காரர் கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. தையல்காரர் போகவில்லை, எண்ணெய்க் குப்பியைக் கையில் பிடித்தபடி மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மிதிக்கு ஒரு சொட்டு விட்டார். கோட்டு வாங்க வந்த மாப்பிள்ளை ஒருவர், கடையில் ஆளைக் காணாமல் தேடி மேலே வந்து, அவரும் ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாகத் தாலாட்டு. எங்கள் நேரத்தில் மிச்சம் ஏழோ எட்டோ நிமிடம். மெதுவான பாட்டு, அதனால் காலும் மெதுவாகப் போனது. வாத்தியம் வேண்டாம் என்றார். பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோலக் குனிந்து பாடினார். இரண்டாம் தரம் ‘உம்மா மடி’ என்று வரும்போது மிதி ‘கிறீச்’ என்று சின்னதாய் ஒரு சத்தம் போட்டது. தையல்காரர் எண்ணெய்க் குப்பியைப் பார்த்த பார்வையில் பெற்ற பிள்ளை ஊரார் முன்னால் மானத்தை வாங்கியதுபோல ஒரு வேதனை. பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்து, விரும்பினால் இன்னொரு தரம் பாடலாம், நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன், வாயை மூடிக்கொண்டு பாடகரைப் பார்த்து, “ஒனக்கு எப்பிடி வேணும்?” என்று கேட்டேன்.

“இரிக்கட்டும் மாஸ்டர்” என்றார். “நம்மட தறியும் இப்பிடித்தானே மொனகும். புள்ள பழகட்டும்.”

அன்று மத்தியானம் தையல்காரர், ஒலிப்பதிவாளர், கோட்டு மாப்பிள்ளை எல்லாரும் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். காசு கொடுத்தது அந்த மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தி இப்படி ஒரு பாட்டுக் கேட்டது நல்ல சகுனம் என்று றபான்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார். அது அந்த மாப்பிள்ளை சொன்னதா, இவர் சேர்த்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஆள் பயணம் போனார். ஒன்றரை மாதத்தில் பெண்பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் வரைக்கும் என் வீட்டுக் கசட் பெட்டிதான் அவர் வீட்டில் இருந்தது. பிறகு ஊருக்கு வந்த ஒருவரிடம் அவரே புதிதாய் ஒன்று கொடுத்தனுப்பினார். அந்தத் தாலாட்டு ஓடாமல் பிள்ளை உறங்காது என்று அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்வாராம். தவழும் வயதில், ‘கிறீச்’ வரும் இடத்தில் பிள்ளை சிரிக்கும் என்றார். நடக்கத் தொடங்கியதும் தானே போய்ப் பொத்தானை அமுக்கப் பழகிவிட்டாள். வாப்பா எங்கே என்று யாராவது கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் கை காட்டுவாள்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வந்தார். எங்கள் மூன்று பேரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் போனது அவர் வந்து மூன்றாவது நாள், பிள்ளை இன்னும் அவரிடம் போகவில்லை. மிட்டாய் காட்டினார், பொம்மை காட்டினார். உம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள், ஒளிந்துகொள்வாள். சிரித்துச் சமாளித்தாலும் மனிதர் உள்ளுக்குள் வாடிப்போயிருந்தது தெரிந்தது. “அவளுக்கு வாப்பா அந்தப் பொட்டிதான் மாஸ்டர்” என்றார்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவிவிட்டுக் கொட்டிலுக்குப் போனோம். தறி அப்படியே இருந்தது. நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை, பழைய பழக்கத்தில் போய் உட்கார்ந்து மிதியில் காலை வைத்தார். கால் போனதும் பாட்டு வந்துவிட்டது. ‘ஊடை நூலு ஓடி வரும்.’

பிள்ளை வாசலுக்கு வந்தாள். முதலில் திரும்பி வீட்டுக்குள்ளே பெட்டியைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. பிறகு தறியைப் பார்த்தாள். ஒவ்வோர் அடியாக நடந்து வந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாடுகிற வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். பாட்டு பாதியில் நின்றது. பிள்ளை ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையை நீட்டி, அவருடைய சட்டைப் பொத்தானைச் சின்ன விரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள்.

நாங்கள் சிரித்தோமா, அழுதோமா என்று கேட்டால் இரண்டும்தான். றபான்காரர் சாறன் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பாடுங்க மச்சான், புள்ள பிளே அமுக்கிட்டு!” என்று கத்தினார். அவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினார்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. புள்ளி போட்ட பக்கத்தின் அடியில் அன்று வீட்டுக்கு வந்து ஒரு தலைப்புச் சேர்த்து எழுதினேன்: பாடுகிறவருக்கு என்ன வேண்டும். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பிள்ளையை எந்த வாங்குப் பலகையில் இருத்துவது என்று பார்க்கும்போதும், மகளுக்கு வீடு கட்ட இடம் தேடும்போதும், வாய் முந்திக்கொண்டு முடிவு சொல்லப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன விரல் என் சட்டைப் பொத்தானையும் ஓர் அமுக்கு அமுக்குகிறது, நான் நிறுத்திவிட்டு முதலில் கேட்கிறேன்.